அகராதியில் கிடக்கும் நம் பெயர்

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் தம்பிகளே, தங்கைகளே!

கடினமான ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறீர்கள். செய்யுங்கள், அதுவும் வேண்டும். அந்தப் பட்டியலில் 'பரையா' என்றொரு சொல் வரும். பொருள், ஒதுக்கப்பட்டவர். ஏதாவது ஒரு நாட்டோடு மற்ற நாடுகள் உறவை முறித்தால் அதைப் 'பரையா நாடு' என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்கு அது நம் தமிழ்ச் சொல், பறையடித்தவர்களின் பெயர் என்பது தெரியாது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் காதில் விழுந்த பெயர். பெயரை மட்டுமா எடுத்துப் போனார்கள்? ஊர் நம்மை நிறுத்தி வைத்திருந்த இடத்தையும் சேர்த்தே அகராதியில் ஏற்றிவிட்டார்கள். தேர்வில் இதற்கு எதிர்ச்சொல் கேட்பார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக என்னால் முடிந்ததில்லை.

அதே பெயரைத்தான் 1893இல் ரெட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குச் சூட்டினார். அயோத்திதாசரோ அந்தப் பெயரே வேண்டாம் என்றார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு.

இன்னொரு சொல் 'எண்டோகமி', அகமணம். உங்கள் பட்டியலில் ஒரே வரி. 1916இல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்பேத்கர் சாதியின் அடிமுடிச்சை அவிழ்த்தார். உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் எல்லாம் எதைக் காப்பாற்ற வந்தன என்று அதிலிருந்தே விளக்கினார்.

உங்கள் புத்தகத்தில் 'பரையா' வந்தால் பக்கத்தில் பென்சிலால் 'பறை அடிப்பவர்' என்று எழுதி வையுங்கள். பழைய புத்தகக் கடையில் அடுத்து வாங்குகிறவர் படிக்கட்டும்.