சலுகை யாருக்கு? சுமை யாருக்கு?

(கிளைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

"விவசாய வருமானத்துக்குத்தான் வருமான வரி கிடையாதே, அதைப் பத்தி இங்க எதுக்குப் பேச்சு?" என்று டீக்கடையில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய அரசு வருமான வரி அடுக்குகளை அகலமாக்கி, தள்ளுபடியையும் உயர்த்தியது. புதிய முறையில் வருஷம் 12 லட்சம் வரை வரி இல்லை. 12 லட்சம் வாங்குகிறவருக்கு மிச்சம் 80,000 ரூபாய். 25 லட்சம் வாங்குகிறவருக்கோ 1,10,000 ரூபாய்! கீழ் அடுக்கை அகலமாக்கினால் மேலே இருப்பவருக்கும் லாபம். இதுதான் அடுக்குக் கணக்கு.

இதனால் கஜானாவுக்கு வராமல் போவது சுமார் 1 லட்சம் கோடி. நான் சொல்லவில்லை, நிதியமைச்சர் பட்ஜெட் உரையிலேயே சொன்னார். அதே பட்ஜெட்டில் விவசாயிகளுக்கான பி.எம். கிசான் திட்டத்துக்கு ஒதுக்கியது 63,500 கோடி. குடும்பத்துக்கு 2019-ல் கொடுத்த அதே 6,000தான். உரமும் கூலியும் டீசலும் 2019 விலையிலா நின்னுச்சு?

இன்னொன்று. மத்திய வரியில் செஸ், சர்சார்ஜ் போக நூற்றுக்கு 41 ரூபாய் மாநிலங்களுக்கு வர வேண்டும். அங்கே குறைந்தால் இங்கேயும் குறையும். அப்புறம் வாய்க்கால் தூர்வாரச் சொன்னால் "நிதி இல்லை" என்பார்கள்.

நாம் வரி கட்டாதவர்களா? டீசலுக்குக் கட்டுகிறோம். உரத்துக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறோம். வியாபாரி கட்டிய வரியைக் கணக்கில் கழித்துக்கொள்வார். நமக்கு அது போனது போனதுதான்.

வாத்தியாரும் குமாஸ்தாவும் நமக்கு எதிரி இல்லை. நம்ம பிள்ளைங்களும் அந்த வேலைக்குத்தான் போறாங்க. ஆனால், 1 லட்சம் கோடியை விட்டுக்கொடுக்க முடிந்த அரசு, நெல்லுக்குக் கட்டுப்படியான விலை கேட்டால் மட்டும் கையை விரிக்கக் கூடாது.

நாம் கேட்பது மூன்று:

பி.எம். கிசான் தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்து!

வரிச் சலுகையால் மாநிலம் இழக்கும் பங்கை ஈடுகட்டு!

ஆதரவு விலையைச் சட்டமாக்கு!

ஆர்ப்பாட்டத்துக்கு வரும்போது வெறுங்கையோடு வராதீங்க. பேங்க் பாஸ்புக்கையும் உரக்கடை பில்லையும் எடுத்து வாங்க. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று ஊரே பார்க்கட்டும்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!