குழந்தைகளும் காசநோயும்



காசநோயைப் பரம்பரை நோயென்றும் முன்வினைப் பயனென்றும் கருதிய காலம் ஒன்றுண்டு. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் அதன் காரணம் ஒரு நுண்கிருமியே என்று அறிவித்தார்.

சிறு குழந்தைக்கு அக்கிருமி பெரும்பாலும் வீட்டிலுள்ள பெரியவரிடமிருந்தே வருகிறது. நோயுற்றவர் இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியைக் குழந்தை சுவாசிக்கிறது. தட்டினாலோ குவளையாலோ இந்நோய் பரவுவதில்லை.

1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு நிலையம், நோயாளரில் ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையிலும், மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு சிகிச்சை அளித்தது. வீட்டிலிருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். ஆயினும் அவர்தம் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. முறையான மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைந்து குறைகிறது. மருந்தின்றிக் கழியும் நாட்களே பெருங்கேடு விளைவிக்கின்றன.

பாகான் டாலாமிலும் பாட்டனாரும் பேரனும் ஓரறையில் உறங்கும் இல்லங்கள் உண்டு. கூடி வாழ்தல் நற்பண்பே. ஆனால், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலைப் புகைப்பழக்கத்தால் வந்ததென்று ஒதுக்குவதும், ஊரார் பேச்சுக்கு அஞ்சி மறைப்பதும் அப்பேரனுக்கே தீங்காகும். உடனே அரசாங்கக் கிளினிக்கில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும்.

தடுக்கக்கூடிய ஏனைய காரணங்கள் வருமாறு:

1. தடுப்பூசியின்மை: மலேசியாவில் பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசி, மூளைக்காய்ச்சல் போன்ற கடுங்காசநோயிலிருந்து குழந்தையைப் பெரிதும் காக்கிறது. எனினும் அது முழுக் கவசமன்று.

2. சத்துக்குறைவு: மெலிந்த உடல் கிருமியை எதிர்க்க வலுவற்றது. தாய்ப்பாலும், பின்னர் முட்டை, மீன், பருப்பு, கீரையும் அவசியம்.

3. புகையும் அடைபட்ட காற்றும்: வீட்டினுள் புகைபிடித்தல் ஆகாது. சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

4. தடுப்பு மருந்தைத் தவிர்த்தல்: வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை, நலமாகத் தோன்றினும், பரிசோதிக்க வேண்டும். நோயில்லாத குழந்தைக்கு மருத்துவர் தரும் தடுப்பு மருந்தைச் சில மாதங்கள் இடைவிடாது கொடுத்தல் வேண்டும்.

எடை கூடாமை, நீடித்த காய்ச்சல், ஓயாத இருமல், விளையாட்டில் நாட்டமின்மை ஆகியவை கண்டால் தாமதியாது மருத்துவரை நாடுக.

பிள்ளைகளின் நலம் வேண்டிப் பால்குடம் எடுக்கும் பெற்றோர், வீட்டு முதியோரின் இருமலையும் கவனிப்பாராக. இறையருள் துணை நிற்கும்.