முகப்பருவுக்கு வைட்டமின் மாத்திரை தேவையா?



பதின்மூன்று, பதினான்கு வயதைத் தொட்ட பிள்ளைகள் கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நிற்பதை நம் வீடுகளில் பார்க்கிறோம். பெரும்பாலும் அழகு பார்ப்பதற்காக அல்ல. புதிதாக எத்தனை பரு வந்திருக்கிறது என்று எண்ணுவதற்காக. பள்ளிப் பேருந்தில் ஒருவன் கேலி பேசிவிட்டால் அன்று முழுவதும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. பெற்றோருக்கு மனம் பொறுக்குமா? சம்பளப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, 'தோலுக்கு நல்லது' என்று விற்கப்படும் வைட்டமின் மாத்திரைப் புட்டியை வாங்கிக் கொடுக்கிறோம். பசார் மாலாமில் வாங்குகிறோம். வீட்டு வாசலுக்கு வருகிறவரிடம் வாங்குகிறோம். கைத்தொலைபேசி வழியாகவும் தருவிக்கிறோம். அந்த மாத்திரையால் பரு போகுமா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், பரு எப்படி வருகிறது? நம் தோலில் மயிர்க்கால்களை ஒட்டி நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பருவ வயதில் உடலில் சில சுரப்பு நீர்கள் கூடுகின்றன. அதனால் எண்ணெய் மிகுதியாகச் சுரக்கிறது. உதிரும் தோலணுக்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து மயிர்க்கால் துவாரத்தை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட இடத்தில், தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைக் கிருமி பெருகுகிறது. அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகிறது. இதுதான் பரு. பிள்ளை முகம் கழுவாததால் வந்தது என்று திட்டுவது தவறு. உடல் சூடும் இதற்குக் காரணம் அன்று.

அப்படியானால் வைட்டமின் பேச்சு எங்கிருந்து வந்தது? வைட்டமின் 'ஏ' குறைந்தவர்களின் தோல் சொரசொரப்பாகி, மயிர்க்கால்கள் அடைபடுவதை மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். பருவிலும் மயிர்க்கால்தானே அடைபடுகிறது. ஆகவே வைட்டமின் 'ஏ' கொடுத்தால் குணமாகலாம் என்று எண்ணினார்கள். 1940-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பரு உள்ளவர்களுக்கு நாள்தோறும் 1,00,000 அலகு வரை கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 2,000 முதல் 3,000 அலகுதான். அதாவது தேவையைப் போல் முப்பது மடங்குக்கும் மேல்! சிலருக்குப் பரு குறைந்தது உண்மைதான். ஆனால், அந்த அளவில் அது சத்தாக இருப்பதில்லை, நஞ்சாகிவிடுகிறது.

வைட்டமின் 'சி' போன்றவை மிஞ்சினால் சிறுநீரோடு போய்விடும். வைட்டமின் 'ஏ' அப்படிப் போவதில்லை. ஈரலில் தங்கிச் சேர்ந்துகொண்டே இருக்கும். அளவு மீறினால் தலைவலி, வாந்தி, உதடு வெடிப்பு, முடி உதிர்தல், எலும்பு வலி ஆகியவை உண்டாகும், ஈரலும் கெடும். கருவுற்ற பெண் மிகுதியாக உட்கொண்டால் வயிற்றிலுள்ள குழந்தை ஊனமாகப் பிறக்கக்கூடும்.

இந்த வைட்டமினின் உறவாக 'ஐசோட்ரெட்டினாயின்' என்னும் மருந்து பிறந்தது. கடுமையான பருவுக்கு 1982-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது. மற்ற மருந்துகளுக்கு அடங்காத பருவையும் அது அடக்குகிறது. ஆயினும், கருவுற்றவர்கள் அதைத் தொடவே கூடாது, கருவுறக்கூடிய நிலையில் இருப்பவர்கள் தகுந்த பாதுகாப்பின்றி அதை உட்கொள்ளக் கூடாது. மருத்துவர் இரத்தம் சோதித்து, அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. அக்காளுக்குக் கொடுத்ததைத் தங்கை எடுத்து விழுங்கக் கூடாது.

மற்றச் சத்துகள் எப்படி? துத்தநாகச் சத்தை 1977-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். பரு குறைந்தது என்றார்கள். பின்னர் நடந்த ஆய்வுகளில் சிலருக்குப் பயன் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டும். பெரிய அளவில் நெடுநாள் சாப்பிட்டால் உடலில் செம்புச் சத்து குறைந்து, இரத்தசோகை உண்டாகலாம். வைட்டமின் 'டி' பற்றியும் சிறு சிறு ஆய்வுகள் உள்ளன. உறுதியான முடிவு இன்னும் வரவில்லை.

இன்னொன்றைக் கேட்டால் வியப்பாக இருக்கும். வைட்டமின் 'பி12' மிகுதியானால் சிலருக்குப் பரு குறையாது, கூடும்! தோலில் வாழும் அந்தக் கிருமியின் போக்கையே அது மாற்றுகிறது என்று 2015-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு காட்டியது. 'உடம்பு அசதியாக இருக்கிறது, ஒரு சத்து ஊசி போடுங்கள்' என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஊசி போட்ட பிறகு முகத்தில் பரு கிளம்பினால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால், குறைபாட்டுக்காக மருத்துவர் கொடுத்த 'பி12'-ஐ நாமாக நிறுத்திவிடக் கூடாது.

உடலுக்குத் தேவையான வைட்டமின் 'ஏ' நம் வீட்டைச் சுற்றியே இருக்கிறது. வேலியோர முருங்கைக்கீரை, பசலைக்கீரை, பப்பாளிப் பழம், பூசணி, கேரட், முட்டை ஆகியவற்றில் உண்டு. நாம் வெட்டிப் போடும் செம்பனைக் குலையின் சிவந்த நிறமே இந்தச் சத்தின் மூலப்பொருளால் வந்ததுதான். கீரையிலும் பழத்திலும் உள்ளதை உடல் தேவைக்கேற்பவே வைட்டமினாக மாற்றிக்கொள்ளும், நஞ்சாகாது. துத்தநாகச் சத்து இறைச்சி, முட்டை, பருப்பு, கச்சான் ஆகியவற்றில் கிடைக்கும். இவை உடலுக்கு நல்லவை. பருவைப் போக்கும் மருந்து என்று மட்டும் எண்ண வேண்டாம்.

சரி, பருவுக்கு என்னதான் செய்வது? ஒரு நாளைக்கு இரண்டு முறை மென்மையான சவர்க்காரத்தால் முகம் கழுவினால் போதும். தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் தோல் புண்ணாகும். பருவைக் கிள்ளக் கூடாது. கிள்ளினால் தழும்பு நிற்கும். தலையில் தேய்க்கும் எண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இனிப்புப் பானங்களைக் குறைப்பது சிலருக்கு உதவுகிறது. மருந்துக் கடையில் 'பென்சாயில் பெராக்சைடு' என்னும் களிம்பைக் கேட்டு வாங்கலாம். இரண்டரை விழுக்காட்டில் தொடங்குவது நல்லது. முதலில் சற்று எரியும், தோல் உலரும். துணியில் பட்டால் சாயம் வெளுக்கும். பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாகும். ஒரே வாரத்தில் 'பலிக்கவில்லை' என்று எறிந்துவிடக் கூடாது.

முகத்தை வெளுக்க வைக்கும் என்று விற்கும் பெயர் தெரியாத கிரீம்களிடம் எச்சரிக்கை தேவை. பாதரசமும் மற்றக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளும் கலந்த கிரீம்களை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடுத்திருக்கிறது. மாத்திரைப் புட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாததை வாங்காதீர்கள். எண் இருந்தாலும், அது பருவைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று அன்று.

ஆழமான கட்டியாக வந்து வலித்தாலும், தழும்பு விழத் தொடங்கினாலும் காத்திருக்காமல் அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். விழுந்த தழும்பை அழிப்பது கடினம். பெண் பிள்ளைக்குப் பருவோடு மாதவிலக்கும் தவறி, முகத்தில் உரோமமும் வளர்ந்தால் அதையும் கூசாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நேயர்களே, மழையிலும் வெயிலிலும் உழைத்துச் சேர்த்த பணம் நம்முடையது. அது மாத்திரைப் புட்டிக்குப் போவதைவிட, வீட்டுச் சாப்பாட்டுக்கும் சரியான மருந்துக்கும் போகட்டும். பரு பெரும்பாலோருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடும். அதுவரை பிள்ளையின் முகத்தைப் பற்றி வீட்டில் யாரும் கேலி பேசாமல் பார்த்துக்கொள்வோம்.