போர்க்களத்தில் பாலர்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா ஒருவனுக்கும் மேடையில் இடமளித்த செயலாளர்க்கு நன்றி. பிள்ளைகளைப் போருக்கு அனுப்புதல் அறமாகுமா என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அமெரிக்க எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்டு 1985-இல் 'எண்டர்ஸ் கேம்' என்னும் விஞ்ஞானப் புதினத்தை வெளியிட்டார். 2013-இல் அது திரைப்படமாகவும் வந்தது. வேற்றுக் கோளினர்க்கு அஞ்சிய உலகத்தார், ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை விண்வெளிப் போர்ப்பள்ளிக்குக் கொண்டு செல்கின்றனர். சில ஆண்டுகள் கழித்து, பயிற்சி விளையாட்டென்று நம்பி அவன் ஆடிய ஆட்டத்தில் பகைவரின் உலகமே அழிகின்றது. அது மெய்ப்போர் என்பதைப் பெரியோர் பிறகுதான் சொல்கின்றனர். முன்னமே தெரிந்திருந்தால் அவன் கை நடுங்கியிருக்கும். அவன் அறியாமையே அவர்கட்குப் படைக்கலமாயிற்று.

கற்பனைதானே என்று இதனைத் தள்ளிவிடலாகாது. நம் சித்தூர் வட்டாரத்துத் தருமராசர் கோயில்களில் பாரதம் படிக்கும்பொழுது அபிமன்யுவுக்காக அழாதார் யார்? பதினாறு வயதுப் பிள்ளை. சக்கர வியூகத்துள் புக அறிவான், மீள அறியான். அதனை அவனே சொல்லியும், "நாங்கள் பின்தொடர்வோம்" என்று பெரியோர் அனுப்பினர். சயத்திரதன் வழிமறித்தான், பிள்ளை தனியே மாண்டான். புகும் வழியை மட்டும் கற்பித்து அனுப்புவதே எக்காலத்தும் பாலர் படையின் இலக்கணம்.

இந்நூற்றாண்டிலும் இது நிகழ்ந்தது. நம் மொழி பேசும் மண்ணிலேயே நிகழ்ந்தது. இலங்கைப் போரில் விடுதலைப் புலிகள் சிறுவர் சிறுமியரைப் படையில் சேர்த்தனர். 1998-இல் ஐக்கிய நாடுகளின் தூதர் ஒலாரா ஒட்டுன்னுவிடம், பதினெட்டு வயது நிரம்பாதாரைப் போரிடச் செய்யோம் என வாக்களித்தனர், அவ்வாக்கு நிற்கவில்லை. 2004-இல் பிரிந்த கருணா அணியினரும் சிறுவரைப் பிடித்தனர். 2009-இல் போரின் இறுதி மாதங்களில் பதுங்குகுழிகளிலிருந்தே பிள்ளைகள் இழுத்துச் செல்லப்பட்டனர். தமிழர் பட்ட துயரம் பெரிது. அவர்தம் குறைகள் மெய்யானவை. ஆயினும் தாயின் கையைப் பிரித்துப் பிள்ளையைக் கொண்டுபோனதை அத்துயரம் நியாயமாக்காது.

"இனமே அழியும் வேளையில் வயது பார்ப்பதா?" என்று சிலர் கேட்பர். இனம் என்பது யார்? நாளை வாழவேண்டிய பிள்ளைகளே அல்லரோ! விதைநெல்லைக் குத்திச் சோறாக்கியவன் பஞ்சத்தை வென்றவனாகான்.

உலகமும் இதனை உணர்ந்துள்ளது. பதினைந்து வயதுக்குட்பட்டோரைப் படையில் சேர்த்தல் போர்க்குற்றம் என 1998-இன் ரோம் சட்டம் விதித்தது. அக்குற்றத்திற்காகவே 2012-இல் காங்கோ நாட்டுப் படைத்தலைவர் லுபாங்கா பதினான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நம் இலாகாவையே பாருங்கள். ரயில் நிலைய எல்லைக்குள் கரி பொறுக்கவும் சாம்பற்குழி துப்புரவு செய்யவும் பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வைக்கலாகாது என்று 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. சாம்பல் அள்ளத் தகாத கை, துப்பாக்கி ஏந்தத் தகுமோ?

இனி நம் மேடைக்கு வருவோம். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றுத் தாயின் வேடத்தைச் சிறுமியர்க்குப் புனைந்து மகிழ்கிறோம். பிறந்த வீட்டு வீரனை முன்னொரு நாளும் கணவனை நேற்றும் இழந்தவள், இன்று ஒரே மகனுக்கு வேல் கொடுத்து அனுப்புகிறாள். அவள் நெஞ்சின் கடுமையைக் கண்டு திகைத்தே புலவர் பாட்டைத் தொடங்குகிறார். அத்திகைப்பை மறந்து, வேலினை மட்டும் நாம் மேடையில் ஏந்துகிறோம், கைதட்டுகிறோம்.

பாட்டை விலக்குமாறு நான் கூறவில்லை. அது நம் செல்வம். இனிமேல் அதனை நடிக்கும் பிள்ளையிடம், "அம்மகன் திரும்பி வந்தானா?" என்ற கேள்வியையும் கேட்போம். கைப்பேசியில் சுட்டு விளையாடும் மைந்தனிடமும், விழுந்தவன் வீட்டில் யார் காத்திருப்பார் என்று ஒருநாள் கேட்போம். அதனை எண்ணிப் பார்க்கப் பழகிய பிள்ளையை எந்தப் படைத்தலைவனும் எளிதில் ஏமாற்ற இயலாது.