பழி போடுமுன் பதிவேட்டைப் பார்

(பரிசளிப்பு விழாவில் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஆற்றிய உரை, இம்மலருக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது)



கணினி, இணையம் என்று பேச்செடுத்தால், "அதெல்லாம் ஈப்போ டவுன்ல இருக்கிற பிள்ளைங்களுக்குச் சார், நமக்கு எதுக்கு?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே இன்னும் உண்டு. அவர்களுக்கு என் பணிவான பதில் இதுதான். உதவித் தொகை மனு, பல்கலைக்கழக நுழைவுக்கான யு.பி.யு. மனு என்று எத்தனையோ வேலை இன்று ஓர் இணையப் பக்கத்தின் வழியாக நடக்கிறது. அந்தப் பக்கம் திறக்காவிட்டால், தோட்டத்திலிருந்து வந்த நம் குடும்பங்கள் என்ன செய்கின்றன? "எனக்கு இங்கிலீஷ் தெரியல, நான்தான் தப்பா அமுக்கிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு கைப்பேசியை மூடி வைத்துவிடுகின்றன. மனுவின் கடைசி நாள் கடந்துவிடுகிறது. பிள்ளையின் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது.

தவறு நம்முடையதா, எதிர்ப்பக்கத்துடையதா? இதை அறியும் வழியையே இன்று பேச விரும்புகிறேன். இணையப் பக்கங்களை நமக்கு எடுத்து அனுப்பும் கணினிக்கு 'செர்வர்' என்று பெயர். நல்ல தமிழில் வழங்கி என்பர். அதில் ஓடும் நிரலில் கோளாறு வந்தால் அதைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்துவதே ஒரு தொழில். பெரிய சம்பளத் தொழில். ஆனால் அதன் அடிப்படை, நம் பாட்டன்மார் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் செய்த வேலையில் ஏற்கெனவே இருக்கிறது.

எண்ணிப் பாருங்கள். விடியலில் மரம் வெட்டப்படுகிறது. பால் மங்கில் இறங்குகிறது. மங்கிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து ஸ்டோருக்குப் போகிறது. அங்கே வடிகட்டி, நீர் சேர்த்து, அமிலம் ஊற்றி உறைய வைக்கிறார்கள். உறைந்ததை உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகையில் காய வைக்கிறார்கள். கடைசியில் தகடு கெட்டிருந்தால் முதல் ஏச்சு யாருக்கு விழும்? மரம் வெட்டியவருக்குத்தான். "பால்ல தண்ணி கலந்திருக்கே" என்பார்கள். உண்மை என்ன? அமிலம் கூடியிருக்கலாம், உருளை பழுதாகியிருக்கலாம், புகை சரியில்லாமல் போயிருக்கலாம். ஸ்டோரில் பாலை வாங்கும்போதே மெட்ரோலாக் என்னும் கருவியை மிதக்கவிட்டுப் பாலின் கெட்டித்தன்மையை அளந்து எழுதி வைத்திருந்தால், விடை கையிலேயே இருக்கும். அங்கே அளவு சரியென்றால் தண்ணீர்க் குற்றச்சாட்டு நிற்காது. கோளாறு அதற்குப் பின்னால்தான்.

இணையத்திலும் இதே பயணம்தான். நீங்கள் பொத்தானை அமுக்குகிறீர்கள். கோரிக்கை கைப்பேசியிலிருந்து லைன் வழியாகச் செர்வரின் வாசலுக்குப் போகிறது. வாசற்காவலர் போன்ற ஒரு நிரல் அதை வாங்கி உள்ளே இருக்கும் நிரலிடம் கொடுக்கிறது. உள்நிரல், தரவுத்தளம் எனப்படும் பெரிய பெயரேட்டைப் புரட்டிப் பார்த்து விடை எழுதுகிறது. விடை வந்த வழியே திரும்புகிறது. இத்தனை கைகளில் எந்தக் கை நழுவவிட்டது என்பதே கேள்வி.

இதற்குச் செர்வரே நமக்கு ஒரு துப்புத் தருகிறது. மூன்று இலக்க எண் ஒன்று திரையில் தெரியும். பொதுவாக 4இல் தொடங்கினால் கோரிக்கையில் ஏதோ சரியில்லை என்று செர்வர் சொல்கிறது. 404 என்றால் கேட்ட பக்கம் அங்கே இல்லை, முகவரியைச் சரிபாருங்கள். 403 என்றால் உங்களுக்கு அனுமதி இல்லை. 5இல் தொடங்கினால் கோளாறு செர்வர் பக்கம். 500 என்றால் உள்நிரல் தடுக்கி விழுந்துவிட்டது. 502 என்றால் உள்ளேயிருந்து வாசற்காவலருக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. 503 என்றால் இப்போதைக்குச் சேவை இல்லை. கூட்ட நெரிசலாகவோ பராமரிப்பாகவோ இருக்கலாம். 504 என்றால் காவலர் காத்திருந்து காத்திருந்து பதிலே வராமல் போயிற்று. ஆகவே தாய்மார்களே, 500 என்று திரையில் கண்டால் "நான்தான் தப்பா அமுக்கிட்டேன்" என்று இனிச் சொல்லாதீர்கள்.

பெரிய அரசாங்கங்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் 2021 மே 26 அன்று நண்பகலில் அஸ்ட்ராஸெனகா தடுப்பூசிக்கு இணையப் பதிவு திறக்கப்பட்டபோது, பக்கம் திணறி மக்கள் தவித்தார்கள். பொறுப்பு அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் அதற்காக மன்னிப்புக் கேட்டார். அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட மருத்துவக் காப்புறுதி இணையத்தளத்தில், முதல் நாளன்று முழுமையாகப் பதிந்து முடித்தவர்கள் வெறும் 6 பேர்! அதைச் சீர் செய்ய வந்த குழுவுக்கு வழிகாட்டிய மைக்கி டிக்கர்சன் என்ற பொறியாளர் ஒரு விதி வகுத்தார். இந்த அறை கோளாற்றைத் தீர்ப்பதற்கு மட்டுமே, பழியை அடுத்தவர் தலையில் தள்ளுவதற்கு வேறு இடங்கள் நிறைய உண்டு என்பது அவ்விதியின் சாரம். செர்வர்கள் எங்கே திணறுகின்றன என்று கண்ணால் பார்க்கும் அளவைக் கருவிகளை அமைத்தார்கள். கண்டதை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். டிசம்பர் தொடக்கத்திற்குள் பெரும்பாலோர்க்குத் தளம் ஓடத் தொடங்கியது.

மாணவச் செல்வங்களே, இப்பகுதி உங்களுக்கு. தோட்டத்தில் பெரட்டு முடிந்ததும் யார் வந்தார், யார் வரவில்லை என்று கிராணி செக்ரோலில் எழுதுவார். மாதக் கடைசியில் சம்பளத் தகராறு வந்தால் செக்ரோல்தான் சாட்சி. செர்வருக்கும் ஒரு செக்ரோல் உண்டு, 'லாக்' என்பர். எந்த மணிக்கு, எந்தப் பக்கத்தை, யார் கேட்டார், என்ன பதில் போயிற்று, எந்த வரியில் நிரல் விழுந்தது என்பவை அதில் பதிவாகும். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினிக்குள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியது. அங்கிருந்தவர்கள் அதைத் தூக்கி எறியாமல் பதிவேட்டிலேயே ஒட்டி, நேரத்தையும் குறித்து வைத்தார்கள். இயந்திரக் கோளாற்றைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்தது. அன்றோ மெய்யான பூச்சியே அகப்பட்டது! அந்த ஏடு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் மொழிக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டும் சொல்கிறேன். நான் அறிந்த ஒரு தமிழ்ப்பள்ளியின் இணையப் பக்கம் புதிய செர்வருக்கு மாற்றப்பட்டது. மறுநாள் பார்த்தால், பரிசு பெற்ற பிள்ளைகளின் பெயர் இருந்த இடமெல்லாம் வெறும் கேள்விக்குறி! ஓர் அம்மா, "என்னங்க சார், எம் புள்ள பேரையே காணோம்?" என்று கேட்டார். ஒருவர் எழுத்துரு இல்லை என்றார். இன்னொருவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றார். நல்லவேளையாக, முன்னாள் மாணவர் ஒருவர், "யாரும் எதையும் தொடாதீங்க, முதல்ல பார்ப்போம்" என்று தடுத்தார்.

அவர் பார்த்த முறை இது. எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துக் குறிமுறையைப் பக்கம் தவறாக அறிவித்திருந்தால், தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசை வரிசையாக வரும். அப்போதும் பெயர் உள்ளே பத்திரமாகவே இருக்கும். கேள்விக்குறி வந்தாலோ ஆபத்து! எழுத்தைத் தாங்க முடியாத இடத்தில் அதைத் திணித்ததால் எழுத்தே தொலைந்திருக்கலாம். யூ.டி.எஃப்.-8 என்னும் முறையில் 'தமிழ்' என்ற சொல்லுக்குக் குறியீடுகள் 5, ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள், ஆக 15 பைட்டுகள். ஐரோப்பிய எழுத்துகளுக்காக அமைந்த லத்தீன்-1 முறையில் தமிழுக்கு இடமே கிடையாது. அவர் புதிய தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தார், அதற்குள்ளும் கேள்விக்குறிதான். பழைய செர்வரில் பெயர்கள் சரியாக இருந்தன. ஆகவே கோளாறு பக்கத்தில் இல்லை. இடம் மாற்றியபோது நேர்ந்தது. அட்டவணையின் அமைப்பைப் பார்த்தார். லத்தீன்-1 என்று இருந்தது. அதைத் திருத்திப் பழைய நகலிலிருந்து மீண்டும் ஏற்றினார். பெயர்கள் திரும்பி வந்தன. பழைய நகலை யாராவது அழித்திருந்தால், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கையால் எழுதியிருக்க வேண்டும்.

யூனிகோடு பரவுமுன் தமிழ்க் கணினியில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறிமுறை இருந்த காலமும் உண்டு. அந்தக் காலத்தில், 1980களிலேயே, நம் மலேசிய மண்ணைச் சேர்ந்த முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். கணினியில் தமிழ் தானாக வந்துவிடவில்லை. உழைத்தவர்கள் கொண்டுவந்தார்கள், காப்பதும் நம் கடமை.

அந்த முன்னாள் மாணவர் செய்ததை நீங்களும் செய்யலாம். முதலில், கோளாற்றை மறுபடி வரவழைத்துப் பாருங்கள். எல்லார்க்கும் வருகிறதா, ஒருவர்க்கு மட்டுமா? அடுத்து, நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால், இடையில் மாறியது என்ன என்று கேளுங்கள். பிறகு வழியைப் பாதியாகப் பிரித்து, கோளாறு முன்பாதியிலா பின்பாதியிலா என்று பாருங்கள். லாக்கை நிதானமாகப் படியுங்கள். நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது மருந்து, எது பத்தியம் என்று தெரியாமல் போய்விடும். தீர்ந்ததும், தீர்ந்த விதத்தை எழுதி வையுங்கள். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்து, பிறகே செயல்படச் சொன்னார். அந்த வரிசையைத் தலைகீழாக்கி, காரணம் தெரியுமுன் கைவைப்பவரே பிழையைப் பெருக்குகிறவர்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பக்கம் திறக்காவிட்டால் திரையில் தெரியும் எண், தேதி, நேரம், எந்தப் பொத்தானை அமுக்கினீர்கள் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். திரையைப் படம் பிடியுங்கள், ஐ.சி. நம்பரை மறைத்துவிடுங்கள். கடவுச்சொல்லை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கடைசி நாளுக்குக் காத்திராமல் முன்கூட்டியே மனுச் செய்யுங்கள். பிறகு அந்தத் தாளோடு ஆப்பீசுக்குப் போங்கள். "சிஸ்டம் சரியில்ல" என்று பொதுவாகச் சொன்னால், "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். "செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு 504 வந்தது" என்று சொன்னால், செர்வரைப் பார்ப்பவர் லாக்கில் அந்த நேரத்தைத் தேடிப் பிடிக்க முடியும். எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். தேதி கடந்த பிறகு மேல்முறையீடு செய்யவும் அது சாட்சி.

பரிசு பெற்ற மாணவர்களுக்கு என் வாழ்த்துகள். பரிசு பெறாதவர்களே, உங்கள் தேர்வுத் தாளையும் இதே முறையில் எடுத்துப் பாருங்கள். "எனக்குக் கணக்கு வராது" என்று உங்கள் மேலேயே பழி போட்டுக்கொள்ள வேண்டாம். எந்தக் கேள்வியில், எந்த வரியில் வழி தவறியது என்று விரல் வைத்துத் தேடுங்கள். கண்டதை என்னிடம் கொண்டு வாருங்கள்; இருவரும் சேர்ந்து பார்ப்போம்.