வாடகை வீட்டில் ஒரு நாய்



கேரளத்தில் கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், எத்தனை பேர், என்ன வேலை, அட்வான்ஸ் எப்போது தருவீர்கள் என்று ஓனர் கேட்பார். இப்போது இன்னொரு கேள்வியும் வருகிறது: "நாய், பூனை ஏதாவது இருக்கா?" இருக்கிறது என்றால் பல இடங்களில் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. வாடகைச் சீட்டிலேயே 'வளர்ப்புப் பிராணிகள் கூடாது' என்று எழுதிவிடுகிறார்கள்.

சொந்த வீடு உள்ளவருக்குத்தான் ஓர் உயிரை வளர்க்கும் உரிமையா? இடுக்கி மலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. 70 பேர் போய்விட்டார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். நாள்கணக்கில் தேடுதல் நடந்தபோது, குவி என்ற நாய் தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தை மோப்பம் பிடித்துக் காட்டியது. அதன்பின் குவியை இடுக்கி காவல்துறை நாய்ப்படையினர் கொண்டுபோய்ப் பராமரித்தார்கள். சில மாதங்கள் கழித்து அந்தக் குழந்தையின் பாட்டியிடமே அது திரும்பி வந்தது. குவி வளர்ந்த லயம் அந்தக் குடும்பத்தின் சொத்து அல்ல. வேலை இருக்கும்வரை கம்பெனி கொடுக்கும் வீடு அது. அந்த வீட்டில்தான் அப்படியொரு பாசம் வளர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? திருவனந்தபுரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிராணிகளை வெளியேற்றச் சொன்ன பிரச்சினை, பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் மனுவாகக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2021-இல் நீதிபதிகள் ஏ.கே. ஜயசங்கரன் நம்பியார், கோபிநாத் பி. அமர்வு தெளிவாகச் சொன்னது: ஒருவர் தமக்குச் சொந்தமான அல்லது தாம் குடியிருக்கும் வீட்டில் பிராணி வளர்ப்பதை அடியோடு தடுக்கும் விதியோ ஒப்பந்தமோ செல்லாது. 'குடியிருக்கும்' என்ற சொல் வாடகைதாரருக்குப் பெரிய பலம். ஆனால் 2021 தீர்ப்பு அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தரும் உரிமையை யாருக்கும் கொடுக்கவில்லை.

1965-ஆம் ஆண்டின் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் உள்ள இடங்களில், குடியிருப்பவரை வெளியேற்ற வாடகை பாக்கி, ஓனரின் சொந்தத் தேவை, உள்வாடகை, கட்டடத்தை நிரந்தரமாகச் சீரழித்தல் போன்ற காரணங்கள் வேண்டும். நாய் வளர்ப்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் 11 மாதச் சீட்டு முடிந்ததும் "வேற வீடு பாத்துக்கங்க" என்று ஓனர் சொன்னால், தோட்டக் கூலிக்காரர் உயர் நீதிமன்றம் வரை வழக்காடப் போவாரா? அதனால்தான் குடிபோகும் முன்பே பேசிவிடுங்கள் என்கிறேன். ஒளித்து வைத்துக் குடிபோவது நாய்க்கும் நல்லதல்ல. சத்தம் வரும்போதெல்லாம் அதன் வாயை அடைக்க வேண்டியிருக்கும்.

ஓனரின் பயமும் பொய்யல்ல. கதவைப் பிறாண்டும், நாற்றம் வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்தால் வம்பு. வெறிநோய் வந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. ஆகவே மாட்டாஸ்பத்திரியில் போட்ட தடுப்பூசி அட்டையையும் பஞ்சாயத்து லைசென்ஸையும் கையில் கொண்டுபோங்கள். எத்தனை பிராணி, இரவில் எங்கே கட்டுவது, காலி செய்யும்போது பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்பதைச் சீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 'கூடாது' என்ற ஒரு வரியைவிட இது ஓனருக்கும் பாதுகாப்பு.

எல்லாம் பேசியும் வீடு கிடைக்கவில்லை என்று நாயை வண்டியில் ஏற்றி வாளையாறு ரோட்டிலோ தேயிலைத் தோட்டத்திலோ இறக்கிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் அதைச் சிறுத்தை தூக்கிப் போகும், ரோட்டில் லாரி அடிக்கும். பசியிலும் தாகத்திலும் துடிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். வீடு கிடைக்காத நிலை வந்தால் இப்போதைய ஓனரிடம் இன்னும் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். அதற்குள் சொந்தக்காரர், கூட வேலை செய்பவர், மாட்டாஸ்பத்திரி டாக்டர் என்று எல்லோரிடமும் நாய்க்கு ஒரு வீடு விசாரியுங்கள்.