கட்டணமில்லா வைத்தியமும் கடல் கடக்கும் நோயாளியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நமது நாட்டு அரசினர் வைத்தியசாலைகளிற் கட்டணம் கேட்பதில்லை. இதனை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றோம், சொல்லத்தக்க பெருமைதான். ஆனால் கட்டணம் இல்லையென்பதும் வைத்தியம் எல்லோர்க்கும் எட்டுகின்றதென்பதும் ஒன்றல்ல.

நெடுந்தீவை எடுத்துக்கொள்வோம். அங்கே வைத்தியசாலை உண்டு. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கிடைக்கும். இருதயம், சிறுநீரகம் என்று வந்துவிட்டாலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வரவேண்டும். படகேறி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலிற் பயணஞ்செய்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்துப் பண்ணைப் பாலத்தாற் பட்டினம் சேரவேண்டும். கிளினிக் வரிசை முடியுமுன் திரும்பும் படகு போய்விடுமோ என்ற ஏக்கம் வேறு.

சென்ற மாரியிற் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஓர் ஆச்சியைக் கண்டோம். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையிற் சுற்றி மடியில் வைத்திருந்தார். கடல் கொந்தளித்தமையால் வீடு திரும்பப் படகில்லை. "மருந்து சும்மாதான் தருகினம் பிள்ளையள், வந்து போறதுதான் ஏலாமற் கிடக்கு" என்றார்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களிலே தொடங்கியது. வடக்குக்கு 2018இல் வந்தது. நல்ல சேவை. எனினும் அது கடலில் ஓடாதே!

வைத்திய நிபுணர்கள் தூர இடங்களில் நிலைப்பதில்லையென்று ஏசுவது எளிது. மயக்கமருந்து நிபுணர் இல்லாத இடத்திற் சத்திரசிகிச்சை நிபுணர் இருந்து என்ன செய்வார்? விடுதி வசதி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மாலையிற் தனியார் வைத்தியசாலையில் உழைக்கும் வாய்ப்பு யாவும் பட்டினத்திலேதான். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டை விட்டே போயினர். மலையகத் தோட்டங்களின் கதை இதனினும் நீண்டது. அதற்குத் தனிப்பேச்சு வேண்டும்.

நாம் மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்த கிறீன் வைத்தியரின் கதையைக் கேட்டு வளர்ந்தோம். மிஷனுக்குப் போட்டியாகச் சைவப் பள்ளிக்கூடங்கள் கட்டிய நம் முன்னோர், வைத்தியசாலை கட்டுவதில் அத்துணை வேகங் காட்டவில்லை. பெரியோர்கள் பொறுத்தருள்க. மூளாயில் மக்கள் கூட்டுறவாய் ஒரு வைத்தியசாலையை எழுப்பினர் என்பதும் உண்மையே. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியினால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் எழுந்தது. அதற்கு முன் நம்மவர் பலர் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கடந்து மகரகமைக்குச் சென்றனர்.

நம்மால் நிபுணரை நியமிக்க இயலாது. ஆனால் நமது சங்க மண்டபத்தின் பின்னறைகள் இரண்டும் விழா நாட்கள் தவிர ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கின்றன. படகு தவறிய தீவக நோயாளிகளும் உடன் வருவோரும் ஓரிரவு தங்க அவற்றைக் கொடுக்கலாம். பாய், தலையணை, குடிதண்ணீர் போதும்; இரவுக் காவலுக்கு வாலிபர்களாகிய நாம் முறைவைத்து நிற்போம். இதனை அடுத்த செயற்குழுவிற் பிரேரணையாகக் கொண்டுவரவிருக்கின்றோம். திறப்பு பொருளாளர் ஐயாவிடம் இருக்கின்றது.